பிளக் வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள்

கப்சாய் மோட்டார் சைக்கிள் காலையில் எத்தனை முறை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் கை போவது பிளக்கில்தான். தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை முதுகில் சுமப்பவர்களுக்கும் அதே கதை. இயந்திரம் நின்றால் அன்றைய கூலியும் நின்றது. அவசரத்தில் கடைக்கு ஓடி, "இதே மாதிரி ஒன்று கொடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறோம். ஆனால், பார்வைக்கு ஒன்று போல இருக்கும் இரண்டு பிளக்குகள் வேலையில் வேறாக இருக்கும்.

வெள்ளைப் பீங்கானில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். சிறிய கப்சாய்களில் பரவலாக வரும் என்ஜிகே சி7எச்எஸ்ஏ பிளக்கில் 'சி' என்பது மரையின் விட்டம், 10 மி.மீ. 'எச்' என்பது மரையின் நீளம், 12.7 மி.மீ. நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கலாம். குறைந்தால் எஞ்சினில் மிஞ்சும் மரையில் கரி படியும்.

இடையில் உள்ள 7தான் வெப்ப எண். இது தீப்பொறியின் சூடு அல்ல. பிளக் முனை தன் சூட்டை எவ்வளவு விரைவாக வெளியே கடத்துகிறது என்பதன் அளவு. முனை சுமார் 450 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் ஒட்டிக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. போஷ், சாம்பியனில் நேர் எதிர். அதனால் பிராண்டு மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கடையில் ஒப்பீட்டு அட்டவணையைக் கேளுங்கள்.

பிளக் அடிக்கடி கறுத்தால் 7க்குப் பதில் 6 போடச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய்ந்த கரி என்றால் காற்று வடிகட்டியையும் கார்ப்பரேட்டரையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஈரம் என்றால், புல் இயந்திரத்தில் டூ-டி எண்ணெய் கூடியிருக்கும். மோட்டார் சைக்கிளில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். நல்ல பிளக் தே தாரிக் நிறத்தில் இருக்கும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதுதான் உண்மையான ஆபத்து, உடனே பட்டறைக்குப் போங்கள்.

புல் இயந்திரங்கள் பலவற்றில் வரும் பிபிஎம்ஆர்7ஏ பிளக்கில் உள்ள 'ஆர்', மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மோட்டார் சைக்கிள்களில் 'ஆர்' இல்லாததைப் போட்டால் கணினிப் பெட்டி தடுமாறலாம். இரிடியம் நீண்ட நாள் உழைக்கும். வேகம் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

எஞ்சின் ஆறிய பிறகு மாட்டுங்கள். முதலில் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகுங்கள். இறுகி உட்கார்ந்ததும் புதிய பிளக்குக்கு அரைச் சுற்று போதும். அலுமினிய மரை பிய்ந்தால் சில ரிங்கிட் வேலை சில நூறு ரிங்கிட்டில் போய் நிற்கும்.