கையோடு வரும் வாந்திபேதி

18 துகள்கள்

வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் நோரோவைரஸின் பரவல்கள் அமெரிக்காவில் பதிவாவதில் பாதிக்கும் மேல் முதியோர் பராமரிப்பு இல்லம் போன்ற இடங்களில்தான் நிகழ்கின்றன. பத்துப் பேர் ஒரே நாளில் வாந்தியெடுத்தால் எல்லோர் பார்வையும் சமையலறைப் பக்கம் திரும்பும். சாப்பாட்டில் தொடங்கும் பரவல் உண்டுதான். ஆனால் உள்ளே புகுந்துவிட்ட வைரஸை அறை அறையாகக் கொண்டுபோவது பெரும்பாலும் கைதான். 1968இல் ஓஹியோ மாநிலத்தின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவி, 1972இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ், வெறும் 18 துகள்கள் உள்ளே போனாலும் தொற்றிவிடலாம் என்கிறது ஓர் ஆய்வு. நோயாளியின் ஒரு கிராம் மலத்திலோ நூறு கோடிக்கு மேலும் இருக்கலாம். இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்து ஒரு பணியாளரின் காலை நேரத்தைப் பாருங்கள். முதியவர் ஒருவருக்கு டயாப்பர் மாற்றுகிறார், கட்டில் கம்பியைப் பிடித்து அவரைப் புரட்டுகிறார், அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும்படி வைக்கிறார், கதவைத் திறந்து அடுத்த அறையில் இன்னொருவருக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டுகிறார். கையைப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும்.

கை மட்டுமா என்று கேட்கலாம். இல்லை. பிரிட்டனில் ஓர் ஓட்டல் விருந்தில் ஒருவர் வாந்தியெடுத்தார். அவருக்கு அருகில் இருந்தவர்களே அதிகம் நோயுற்றனர், தூரம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்தது. வாந்தியின் நுண்துளிகள் காற்றில் பறக்கின்றன. என்றாலும் அவை கடைசியில் படிவது மேசையிலும் கம்பியிலும்தான், அங்கிருந்து எடுத்துச் செல்வது மறுபடி கைதான்.

பாட்டில் போதாது

கொரோனா காலத்துக்குப் பிறகு சானிடைசர் பாட்டில் நம் நம்பிக்கையாகிவிட்டது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. நியூ இங்கிலாந்து பகுதி இல்லங்களில் நடந்த ஆய்வில், சோப்புக்கு நிகராகவோ அதைவிட அதிகமாகவோ சானிடைசரைப் பயன்படுத்திய இடங்களில் இந்தப் பரவல் கூடுதலாக இருந்தது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து ஓடும் நீரில் கழுவினால்தான் வைரஸ் கையை விட்டுப் போகும். வாந்தி பட்ட இடத்துக்குச் சாதாரணத் தரைதுடைப்பான் திரவம் போதாது, குளோரின் பிளீச் வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் 20 விநாடி என்றால் வேலை ஓடுமா என்று செவிலியர்கள் கேட்பது நியாயமே. அதற்குப் பதில் அவர்களைக் கடிந்துகொள்வதல்ல, கழுவுதொட்டியை அறைக்குள்ளேயே வைப்பது.

48 மணி நேரம்

வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் பணியாளர் வேலைக்கு வரக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, இதில் விடுப்பு வேறா என்பது நிர்வாகங்களின் வாதம். நோயோடு வரும் ஒருவரால் அடுத்த சில நாளில் இன்னும் நாலு பணியாளர்கள் படுத்தால் பற்றாக்குறை கூடத்தான் செய்யும். மாத்திரை போட்டுக்கொண்டு மறைத்து வருபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாள்கூலி போய்விடும் என்ற பயம் அவருக்கு. அந்த நாள்களின் சம்பளத்தை இல்லமே கொடுத்தால்தான் அவர் உண்மையைச் சொல்வார். குணமாகித் திரும்பிய பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வைரஸ் வெளியேறக்கூடும், ஆகவே அவர் கை கழுவுவதில் அப்போதும் தளர்வு கூடாது.