இணையப் பட்டியலில் வ்யாக்யான நூல்களுக்குப் பெயரிடும் முறை

பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானங்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தன. இப்போது அச்சிலிருந்து இணையத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை இத்துறையில் செய்துவரும் பணி நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் ஏட்டைப் படமெடுத்து வைத்த மாத்திரத்தில் அது வாசகன் கைக்கு வந்துவிடாது. பட்டியலில் அதற்கு என்ன பெயர் எழுதப்பட்டுள்ளது, எந்தத் தலைப்பின்கீழ் அது வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அது கிடைப்பதும் கிடையாமற்போவதும் அமையும்.

பழைய சுவடிக் கட்டுகளில் இதை நன்கு காணலாம். ஒரே கட்டில் நாலைந்து நூல்கள் இருக்கும். முதலில் உள்ள நூலின் பெயரே கட்டின் பெயராக நிற்கும். பின்னுள்ளவை இருந்தும் இல்லாதனவாகும். உ.வே. சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிக் கவிராயர்களின் இல்லங்களில் ஏடு ஏடாகப் புரட்டித் தேடினார் என்பதை அறிவோம். இணையத்தில் அவ்வாறு புரட்டித் தேடுவார் அரியர். பெயர் தவறினால் நூலும் தவறிற்று.

நம் ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் பெயர்களோ கேட்டுப் பழகியவர்களுக்கே விளங்குவன. திருவாய்மொழிக்கு ஐந்து வ்யாக்யானங்கள்: திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, வடக்குத்திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படி, வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. ஆக இவை அளவால் பெற்ற பெயர்கள். கரிசல் காட்டில் 'படி' என்றால் கம்பும் சோளமும் அளக்கும் படி; அலுவலகத்தில் 'படி' என்றால் நகல். முப்பத்தாறாயிரப்படிக்கே 'ஈடு' என்ற பெயரும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் பயிருக்கு இழப்பீடு கேட்டு நிற்கும் கோவில்பட்டி விவசாயிக்கு 'ஈடு' என்ற சொல் எதை நினைவூட்டும்? 'பகவத் விஷயம்' என்பது திருவாய்மொழி வ்யாக்யானத்தைக் குறிக்கும் என்பது காலக்ஷேபம் கேட்டவருக்குத் தெரியும். மற்றவர் அதைப் பொதுவாகக் கடவுளைப் பற்றிய நூல் என்றே கொள்வர். 'ரஹஸ்யங்கள்' என்ற தலைப்பைக் கண்டால், தாம் திறக்கக் கூடாத பகுதி என்று ஒதுங்கிவிடுவோரும் உண்டு.

இதற்கு மருந்தாகச் சிலர் பழம்பெயரை நீக்கிவிட்டு 'நம்மாழ்வார் பாடல் உரை – 4' என்பதுபோல் எழுதிவிடலாம் என்பர். அது தகாது. பெயரை நீக்கினால், அந்தப் பெயரால் மேற்கோள் காட்டும் நூல்கள் அனைத்தோடும் உள்ள தொடர்பு அறுந்துபோம். பழம்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 'தெரிந்தவன் வரட்டும்' என்றிருப்பதும் தகாது. மரபுப் பெயர் முதலில் நிற்க, அதன் அடியிலேயே எளிய விளக்கம் ஒரு வரியில் நிற்பதே முறை. 'ஈடு முப்பத்தாறாயிரப்படி: நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விரிவான உரை' என்று எழுதினால் பண்டிதருக்கும் குறைவில்லை, பாமரருக்கும் தடையில்லை. அவ்வாறே 'ரஹஸ்யங்கள்: திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் ஆகிய மூன்றின் பொருளை விளக்கும் நூல்களும் அவற்றைச் சார்ந்தனவும்' எனலாம்.

ஆசிரியர் பெயர் இதனினும் நுட்பமானது. உலகெங்கும் நூலகங்கள் கையாளும் டப்ளின் கோர் என்னும் பதிவுமுறையில் 15 கூறுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 'ஆக்கியோன்'. ஈட்டுக்கு ஆக்கியோன் யார்? நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை வடக்குத்திருவீதிப் பிள்ளை இரவில் ஏடுபடுத்தினார் என்பது குருபரம்பரை. ஒருவர் பெயரை மட்டும் எழுதினால் மற்றவருக்கு அபசாரம், வாசகனுக்கும் மயக்கம். 'அருளிச்செய்தவர்', 'ஏடுபடுத்தியவர்', 'பதிப்பித்தவர்' என்று நம்மிடமே உள்ள சொற்களால் இடம் பிரித்துவிட்டால் சிக்கல் தீரும். மேலும் 'அழகிய மணவாளர்' என்று தேடினால் ஆசார்ய ஹ்ருதயம் அருளிய நாயனார், பன்னீராயிரப்படி அருளிய ஜீயர், மணவாள மாமுனிகள் ஆகிய மூவரும் ஒருவராகக் கலந்து வரக்கூடும். 'லோகாசார்யர்' என்பது நம்பிள்ளையின் திருநாமம்; அதையே வடக்குத்திருவீதிப் பிள்ளை தம் திருக்குமாரருக்கும் இட்டார். உடையவர், எம்பெருமானார், யதிராஜர், பாஷ்யகாரர் என்று பல பெயர்கள் ஒருவரையே குறிப்பதும் உண்டு. ஆதலால் ஒவ்வோர் ஆசார்யருக்கும் ஒரு நிலைப்பெயரைக் குறித்து, ஏனைய திருநாமங்களை அதனோடு பிணைத்து வைக்கவேண்டும். ராமாநுஜர், இராமானுசர் என எழுத்து வேறுபட்டாலும், வ்யாக்யானம், வியாக்கியானம் என எழுதினாலும் தேடல் ஓரிடத்துக்கே கொண்டுசேர்க்க வேண்டும்.

மொழியும் எழுத்தும் வேறு என்பதையும் பட்டியல் காட்டவேண்டும். மணிப்ரவாள நூல்கள் தமிழெழுத்தோடு கிரந்த எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும் அச்சேறின. தெலுங்கு எழுத்தைக் கண்டவுடன் 'மொழி: தெலுங்கு' என்று பதிந்துவிட்டால், தமிழ் வ்யாக்யானத்தைத் தேடுகிறவனுக்கு அந்நூல் என்றும் அகப்படாது. வீட்டில் தெலுங்கு பேசும் வைஷ்ணவக் குடும்பங்கள் பல வாழும் கரிசல் சீமையில் இத்தகைய புத்தகம் ஒன்று கிடைத்தால், அதை எந்தத் தட்டில் வைப்பது என்ற கேள்வி உடனே எழும். 'மொழி', 'எழுத்து' என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் அக்கேள்விக்கு இடமில்லை.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களையும் பத்து, திருவாய்மொழி, பாசுரம் என்று எண்ணிட்டுக் குறிப்பது ஆராய்ச்சியாளருக்கு வசதி. கோஷ்டியில் ஸேவிப்பவரோ முதற்சொல்லால்தான் அறிவார். எண்ணோடு முதற்குறிப்பையும் சேர்த்தால் இருசாராருக்கும் வழி திறக்கும்.

கோவில்பட்டியில் ஒட்டப்பட்டு வெளியூர் சென்ற தீப்பெட்டி லேபிளை எண்ணிப் பாருங்கள். கடைக்கு வருகிறவர் தொழிற்சாலையின் பெயரை அறியார். மேலே உள்ள படத்தைச் சொல்லிக் கேட்பார். வாங்குகிறவன் கண்ணுக்கு எது தெரியும் என்பதை அந்தத் தொழில் அறிந்திருந்தது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளிலும், நூல் வாசகனைச் சேரவேண்டும், வாசகனின் காலம் வீணாகக் கூடாது என்ற கருத்துகள் இடம்பெற்றுள்ளன.

இவ்வாறு எளிமைப்படுத்துவதால் க்ரந்தத்தின் கௌரவம் குறையாதோ என்று பெரியோர் சிலர் ஐயுறலாம். வ்யாக்யாதாக்கள் செய்ததை நினைத்தால் ஐயம் நீங்கும். அவர்கள் மூலத்தில் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. அதனருகே தம் காலத்தவர்க்கு விளங்கும் மொழியில் பொருளை வைத்தார்கள். பிள்ளை லோகாசார்யர் ரஹஸ்யார்த்தங்களை மணிப்ரவாளத்தில் அருளியது, ஸம்ஸ்க்ருதம் பயிலாதவர்களும் உஜ்ஜீவிக்க வேண்டும் என்ற க்ருபையால். அந்த ஈட்டையே பு.ரா. புருஷோத்தம நாயுடு 'ஈட்டின் தமிழாக்கம்' என்று பெயரிட்டு எழுத, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பெயரிலேயே மூலத்தின் பெயரும் இருக்கிறது, வாசகனுக்கு வேண்டிய செய்தியும் இருக்கிறது. பட்டியல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டா.

வடமேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்கிழக்கே திருக்குருகூரும் அமைய, நடுவே கிடக்கிறது இந்தக் கரிசல் பூமி. இங்குள்ள திருமாளிகைகளிலும் பஜனை மடங்களிலும் எஞ்சியுள்ள ஏடும் புத்தகமும் நாளை படமாகும்போது, பெயர் சொல்வாரின்றி 'இதர நூல்கள்' என்ற தலைப்பில் விழுந்தால் மறுபடியும் கட்டுக்குள் மறைந்ததற்கு ஒப்பாகும். பெயர் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டோம். ஆகவே தத்தம் இல்லத்தில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சீட்டு எழுதி உள்ளே வைக்கும்படி ஸ்வாமிகளையும் பாகவதர்களையும் அடியேன் பிரார்த்திக்கிறேன். மரபுப் பெயர், அது எதைப் பற்றியது என ஒரு வரி, அருளிச்செய்தவர், ஏடுபடுத்தியவர் அல்லது பதிப்பித்தவர், மொழி, எழுத்து என்று ஆறு செய்திகள் போதும். படமெடுக்க வருகிற பிள்ளைகள் எந்த ஊரினராயினும் அந்தச் சீட்டைப் பார்த்தே பதிந்துகொள்வார்கள்.