மட்டாஞ்சேரியிலிருந்து வஞ்சிக்கு: மிதிவண்டியில் இரண்டு நாட்கள்

நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் சேரன் செங்குட்டுவனைப் பற்றிப் படிக்கிறார்கள். கண்ணகி கதையைக் கேட்கிறார்கள். ஆனால் அச்சேரனின் வஞ்சி என்று அறிஞர் பலர் கருதும் ஊர், தாம் குடியிருக்கும் மட்டாஞ்சேரியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வஞ்சி என்பது கருவூரே என்று வாதிடுவோரும் உண்டு. அவ்வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிட்டு, திருவஞ்சைக்களத்தையும் கொடுங்கல்லூரையும் நேரிற் கண்டுவர ஒரு வழி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேருந்தில் சென்றால் ஊர் தெரியும், வழி தெரியாது. ஆகவே மிதிவண்டியில் செல்வோம்.

பிரான்சு நாட்டில் சிற்றூர்ச் சாலைகளில் மிதிவண்டியில் சுற்றிப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் 'வெலோசியோ' என்னும் புனைபெயர் கொண்ட போல் த விவி (1853–1930). மிதிவண்டிக்கென்றே 1887இல் இதழ் தொடங்கிய இவர், பயணிகளுக்குச் சில விதிகளையும் வகுத்தார். பசி வருமுன் உண்க, தாகம் வருமுன் பருகுக, களைத்து விழுமளவுக்கு மிதிக்காதே, பிறர் மெச்சுவதற்காக விரையாதே என்பன அவற்றின் கருத்து. குளிர்நாட்டில் பிறந்த இவ்விதிகள் நம் கடற்கரை வெயிலுக்கு இன்னும் பொருந்தும்.

வழியின் வடிவம்

நம் வழி ஒரு கைப்பிடிக் கண்ணாடி போன்றது. வைப்பின் தீவு அதன் பிடி. செராய், முனம்பம், கொடுங்கல்லூர், பறவூர் ஆகியவற்றைச் சுற்றி வருவது வட்டம். போக வர மொத்தம் 75 முதல் 80 கிலோமீட்டர் வரை ஆகும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் மிதித்தால் போதும். பதினான்கு வயதுப் பிள்ளையும் ஐம்பது வயதுத் தந்தையும் சேர்ந்து செல்லத்தக்க அளவு இது. நிலம் முழுதும் சமதளம். பாலங்களே நமக்கு மலைகள். ஆகவே கியர் வண்டி தேவையில்லை. கடைவீதிக்குச் செல்லும் சாதாரண வண்டியே போதும்.

முதல் நாள்

காலை ஆறு மணிக்கு மட்டாஞ்சேரியை விட்டு, கோட்டைக் கொச்சிப் படகுத்துறையை அடைக. 2018 முதல் இங்கு ஓடும் ரோ-ரோ படகில் வண்டியோடு ஏறிச் சில நிமிடங்களில் வைப்பினில் இறங்கலாம். நேரம் ஏறினால் கார்களின் வரிசை நீளும்.

வைப்பின் தீவின் நெடுஞ்சாலை குறுகலானது. தனியார் பேருந்துகளோ ஒன்றையொன்று முந்துபவை. எனவே ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். மெதுவாக மிதிப்பவர் முன்னே செல்க. அவர் வேகமே அனைவர் வேகமுமாகுக. தேர்ந்தவர் கடைசியில் வருக. இளையோர் விரும்பும் பந்தயத்திற்கு இச்சாலை இடமன்று.

வழியெங்கும் பொக்காளி வயல்களைக் காணலாம். மழைக்காலத்தில் நெல்லும், நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை இறாலும் விளையும் உவர்நிலம் அது. ஒரே நிலம் இருவகை உணவு தரும் இவ்வேளாண்மையைப் பிள்ளைகளுக்கு நின்று காட்டுக.

செராயில் சிற்றுண்டி முடித்து வடக்கே சென்றால் பள்ளிப்புறம் கோட்டை வரும். போர்ச்சுகீசியர் 1503இல் கட்டிய சிறு அறுகோணக் கோட்டை இது. பின்பு டச்சுக்காரர் கைக்கு மாறி, 1789இல் திருவிதாங்கூருக்கு விற்கப்பட்டது. அங்கிருந்து மாலியங்கரைப் பாலம் கடந்து, மூத்தகுன்னம், கோட்டப்புறம் வழியாகக் கொடுங்கல்லூர் சேரலாம். மூத்தகுன்னம் முதல் தேசிய நெடுஞ்சாலை 66 தொடங்குவதால் லாரிகளிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை.

நண்பகலில் கோயில் நடை அடைத்திருக்கும். அறை எடுத்து ஓய்வு கொண்டு மாலையில் திருவஞ்சைக்களம் செல்க. மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலம் இது ஒன்றே. சுந்தரர் தம் தோழர் சேரமான் பெருமாள் நாயனாரைக் காண வந்ததும், இங்கிருந்தே வெள்ளானைமீது கயிலை சென்றதும் சைவ மரபு. ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டியுடன் செல்வது கேரளக் கோயில் முறை; ஆதலால் பையில் ஒரு வேட்டி இருக்கட்டும்.

இரண்டாம் நாள்

விடியலில் கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலை வழிபடுக. இதைக் கண்ணகியோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. இந்தியாவின் முதல் பள்ளிவாசல் என மரபு போற்றும் சேரமான் பள்ளிவாசலும் இவ்வூரிலேயே உள்ளது. பின்பு தெற்கே திரும்பிப் பட்டணம் என்னும் சிற்றூரில் நிற்க. பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வீடுகளும் தோட்டங்களுமே கண்ணிற்படும். ஆயினும் 2007 முதல் இங்கு நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், செங்கல் துறையும், மரத்தோணியும் கிடைத்தன. 'அமண' என்று தமிழ் பிராமியில் பொறித்த பானை ஓடொன்றும் வெளிப்பட்டது. பழைய முசிறி இதுவே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகேற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் பெரியாற்று முகம் தூர்ந்து, வாணிகம் கொச்சிக்கு இடம்பெயர்ந்தது என்பர். எனில், மட்டாஞ்சேரிக் கடைவீதியில் நாம் முகரும் மிளகு மணத்தின் மூத்த வீடு இவ்வூரே.

பறவூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே வராப்புழைக்குச் செல்லற்க. சரக்கு லாரிகள் மிகுதி. மேற்கே திரும்பிச் செராய் சேர்ந்து, வெயில் தணியும் வரை ஓய்வு கொள்க. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிற்பகற் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். தெற்கு நோக்கித் திரும்பும் நம்மை அது பின்னின்று தள்ளும். மூன்றரை மணிக்குப் புறப்பட்டால், விளக்கேற்றும் நேரத்துக்குள் வீடு சேரலாம்.

உடன் கொள்ள வேண்டியன

புறப்படுமுன் பிரேக், செயின், காற்று ஆகியவற்றைச் சரிபார்க்க. பம்ப், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், தலைக்கவசம், பின்விளக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் சிறிது ஆகியவை போதும். மூட்டையைக் கேரியரில் இறுகக் கட்டுக. தோளில் சுமக்க வேண்டாம்.

மொழி நம் பிள்ளைகளிடம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுமோ என்ற கவலை நம் பெற்றோர் பலருக்கு உண்டு. பிழைப்புக்காக வந்த ஊர் என்றே அவர்கள் கொச்சியை எண்ணி வளர்ந்தால், தமிழ் தொலைவிலுள்ள ஊரின் மொழியாகவே தோன்றும். உரிமை கொண்டாடுவதற்காக இவ்வழியைச் சொல்லவில்லை. உறவை அறிவதற்காகவே சொல்கிறோம். மலையாளமும் தமிழும் ஒரே ஆற்றின் கரைகளில் வளர்ந்தன என்பதைத் தம் காலால் மிதித்து அறிந்த பிள்ளை, இரண்டையும் மதிக்கும். வரும் மார்கழி விடுமுறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து புறப்படுக.