ஹாப்லாங் மலையின் அரிசி மது

அஸ்ஸாமில் திமா ஹசாவ் மாவட்டத்தின் தலைநகரான ஹாப்லாங், ரயில் மார்க்கத்தில் அமைந்த சிறு மலையூர். அங்கே திமாசா மக்களின் அரிசி மதுவாகிய ஜுடிமா புது மதிப்புப் பெற்று வருகிறது. மதுவென்றதும் நம்மவர் முகம் சுளிப்பர். சேலம் ஜில்லாவில் 1937-இல் மதுவிலக்கு வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நாமும் அவ்வாறே சுளித்தோம்.

ஆனால் இது சாராயம்போல் காய்ச்சி இறக்குவதன்று. தெம்ப்ரா என்பது நம் சீயக்காய்க் கொடிக்கு உறவான முட்கொடி. அதன் பட்டையை ஊறவைத்த அரிசியுடன் இடித்து, வில்லைகளாகத் தட்டி உலர்த்துகின்றனர். வெந்து ஆறிய பசையரிசிச் சோற்றில் அவ்வில்லையைப் பொடித்துப் பிசறி மூடிவைத்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் இனிய சாறு ஊறுகிறது. நம் வீட்டில் இட்லி மாவு இரவில் பொங்குவதும் இவ்வினத்துச் செயலே அன்றோ! வேலையெல்லாம் பெண்டிருடையது. பிறப்பு, மணம், இறப்பு ஆகிய சடங்குகளில் ஜுடிமாவுக்கு இடமுண்டு.

2021-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிட்டியது. வடகிழக்கின் மரபு மதுக்களில் இச்சிறப்பைப் பெற்றது இதுவே முதலாவது. வேறெங்கோ செய்ததை இப்பெயரில் விற்றல் இனி ஆகாது. இதன் பெயரால் விழாவும் எடுக்கின்றனர்.

அண்டை வீட்டு மணத்தில் கிண்ணத்தை நீட்டினால் இன்றும் நாம் அருந்துவதில்லை. செய்முறையை மட்டும் அவ்வீட்டுப் பாட்டியிடம் அமர்ந்து கேட்டுக்கொள்கிறோம்.