ஷோரூம் கொட்டேஷனில் எது அரசுக்கு, எது டீலருக்கு?

ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, பட்டு எத்தனை கிராம், கூலி எவ்வளவு என்று புடவை விலையைப் பிரித்துப் பிரித்துக் கேட்கிற ஊர் ஆரணி. அதே ஊர்க்காரர் முதல் கார் வாங்க வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போனால், "ஆன்-ரோடு எவ்வளவு சார்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார். டீலருக்கு ரொம்ப வசதியான கேள்வி அது! புடவைக்குக் கேட்பதைப் போலவே காருக்கும் பிரித்துக் கேளுங்க.

எக்ஸ்-ஷோரூம் விலை 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. இதற்குள்ளேயே அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு அது 18 சதவீதம். அடுத்தது ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள புதிய கார்களுக்கு 13 சதவீதம், அதாவது இங்கே 91,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200, கடனில் வாங்கினால் அதைப் பதிய 1,500. சாலைப் பாதுகாப்பு வரி போன்ற சில சிறு இனங்களும் உண்டு. இவை அரசுக்குப் போகிற பணம், இதில் பேரம் கிடையாது. ஆனால் "ஆர்.டி.ஓ. செலவு" என்று ஒரே வரியில் பெரிய தொகை எழுதியிருந்தால், "கட்டின ஆன்லைன் ரசீது குடுங்க, அந்தத் தொகையை மட்டும் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். வாகன் தளத்தில் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வரும்.

மீதி வரிகளில்தான் கதை இருக்கிறது.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்று சில ஆயிரங்கள் சேர்ந்திருக்கும். "அண்ணே, இது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்திலோ விதிகளிலோ இப்படி ஒரு கட்டணமே கிடையாது. எந்தச் சட்டப் பிரிவில் வாங்குகிறீர்கள் என்று எழுதிக் கேட்டால், பல நேரங்களில் அந்த வரி அடிபட்டுவிடும். மேட், சீட் கவர், பாலிஷ் எல்லாம் சேர்ந்த 'கிட்' வாங்கினால்தான் டெலிவரி என்பதும் செல்லாது. ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே தீர வேண்டும் என்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தடைப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது.

இன்சூரன்ஸில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். சொந்த சேதக் காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். இரண்டையும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, அதே காப்பீட்டு மதிப்புக்கும் அதே கூடுதல் வசதிகளுக்கும் போனில் இரண்டு நிறுவனங்களின் பிரீமியத்தைப் பாருங்கள். திரையைக் காட்டினாலே ஷோரூம் தொகை இறங்குவது வழக்கம்.

விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். இது போய்விட்ட பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

தள்ளுபடி பேச ஏற்ற நேரம் மாதக் கடைசி, அதைவிட டிசம்பர். டிசம்பர் வண்டி மலிவு என்பதற்காக அவசரப்பட வேண்டாம். எந்த மாதம் தயாரானது என்பதை விற்பனைச் சான்றான படிவம் 21-இல் பாருங்கள். ஆறு மாதம் முற்றத்தில் நின்ற வண்டி என்றால் அதற்கும் சேர்த்துப் பேசலாம். பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் புது வண்டிக்கு விலை முடிந்த பிறகே அந்தப் பேச்சை எடுங்க. இரண்டையும் கலந்தால் எங்கே கொடுத்தார்கள், எங்கே பிடித்தார்கள் என்றே தெரியாது. பேசி முடித்ததை, புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் சேர்த்து, டீலரின் லெட்டர்பேடில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

கட்டிய பிறகுதான் ஏமாந்தது தெரிகிறதா? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தே புகார் மனு தாக்கல் செய்யலாம். ஷோரூம் வேலூரில் இருந்தாலும், நீங்கள் ஆரணியில் வசிப்பவர் என்றால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர 2019 சட்டம் இடம் தருகிறது. 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்.