135 நாளில் வர வேண்டிய தீர்ப்பு: கலிஃபோர்னியாவில் உங்கள் சம்பளப் புகாரும் அதிகாரியின் சம்பளமும்

அரசு அதிகாரிகளுக்குச் சம்பளம் உயர்த்தப் போகிறார்கள் என்றாலே வரி கட்டுகிறவர்களுக்கு எரிச்சல் வரும். பட்ஜெட்டில் துண்டு விழுந்த ஆண்டென்றால் கேட்கவே வேண்டாம். கலிஃபோர்னியாவில் 2025இல் விழுந்த துண்டு சுமார் 1,200 கோடி டாலர். அந்த நேரத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் புகார் விசாரிக்கிறவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள் என்றால் யார் காதில் ஏறும்? ஆனாலும் சான் ஹோசேயில் ஓட்டல் அடுப்படியில் நிற்கிறவருக்கும், ஃப்ரீமான்ட்டில் கன்சல்டிங் கம்பெனியிடம் மூன்று மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் காத்திருக்கிறவருக்கும் இது சொந்தக் கணக்கு. அவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

சம்பள பாக்கி வைத்த முதலாளி மேல் அந்த மாநிலத்தில் புகார் கொடுக்கும் இடம் இந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 1976இல் ஹோவர்ட் பெர்மன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த ஏற்பாடு என்பதால் இன்றும் அந்த விசாரணையை ‘பெர்மன் ஹியரிங்’ என்றே சொல்கிறார்கள். காலக்கெடுவும் சட்டத்திலேயே இருக்கிறது. மனு வந்த 30 நாளுக்குள் மேல்நடவடிக்கை என்ன என்று தெரிவிக்க வேண்டும். விசாரணை என்று முடிவானால் 90 நாளுக்குள் நடத்த வேண்டும். அது முடிந்த 15 நாளுக்குள் தீர்ப்பு. ஆக மொத்தம் 135 நாள்.

2024 மே மாதம் மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கைப்படி, நடப்பில் தீர்ப்பு வர 854 நாள் அளவுக்கு ஆனது. 2017-18 நிதியாண்டின் முடிவில் 22,000 மனுக்கள் தேங்கியிருந்தன; 2022-23 முடிவில் அது 47,000 ஆகிவிட்டது. ஐந்து ஆண்டுக்கு மேல் திறந்தபடியே கிடந்தவை மட்டும் ஏறத்தாழ 2,800. அவற்றில் சிக்கிய தொழிலாளர் பணம் சுமார் 6.4 கோடி டாலர். ஆள் போதாததுதான் தணிக்கையாளர் முதலில் சுட்டிய காரணம். ஒதுக்கிய பதவிகளே நிரம்பாமல் கிடந்தன. ஆள் எடுக்கும் நடைமுறை மாதக்கணக்கில் இழுத்தது. பல பதவிகளுக்குச் சம்பளம் வெளியே கிடைப்பதோடு போட்டி போட முடியாத அளவில் இருந்தது. ஒதுக்கீடு ஏட்டில் இருக்கும், நாற்காலியில் ஆள் இருக்காது.

இந்த நாற்காலியில் உட்காருகிறவர் செய்யும் வேலை லேசுப்பட்டதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஓட்டல் சமையல்காரர் ஒருவர் நாளுக்கு 11 மணி நேரம், வாரம் ஆறு நாள் வேலை செய்கிறார். மாதம் 3,000 டாலர் ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுகிறார் முதலாளி. “மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் ஏது? மணிக்குக் கணக்குப் போட்டாலும் 17 டாலருக்கு மேல் வருகிறது. மாநிலக் குறைந்தபட்சம் 16.90தானே” என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம் வாரம் 40 மணி நேரத்துக்கு மட்டுமே என்று கலிஃபோர்னியச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 17.31 டாலர் என்றால் ஓவர்டைம் அதன் ஒன்றரை மடங்கு, 25.96. ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலே ஓவர்டைம் தொடங்கிவிடும் என்பதால் வாரத்துக்கு 26 மணி நேரம் சேர்கிறது. வாரம் 675 டாலர், மாதம் 2,925. மூன்று ஆண்டு பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் பாக்கி 1,05,300 டாலர். சாப்பாட்டு இடைவேளை கொடுக்காத நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி தனி. ஆண்டுக்கு 10% வட்டி தனி.

ரொக்கமாகக் கொடுத்த சம்பளத்துக்குச் சீட்டு இல்லை, நேரக் குறிப்பேடு இல்லை. வாட்ஸாப் செய்திகளையும் தொழிலாளியின் பாக்கெட் டைரியையும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டு, முதலாளியின் வக்கீல் எதிரே அது நிற்கும்படி எழுத வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி இரண்டு ஆண்டில் வேலையை விட்டுப் போனால் அவர் கையிலிருந்த மனுக்களைப் புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதுதான்.

சரி, உயர்வுக்கு எவ்வளவு ஆகும்? இங்கே இரண்டு வகைச் சம்பளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஆணையர், துறை இயக்குநர் போன்றவர்கள் ஆளுநர் நியமிப்பவர்கள். அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதால் எத்தனை உயர்த்தினாலும் பட்ஜெட்டில் அது தெரியவே தெரியாது. அதனால் ஒரு மனுகூட வேகமாக நகரப் போவதும் இல்லை. புகாரைக் கையில் வாங்கி விசாரிக்கும் துணை ஆணையர்களின் சம்பளம்தான் முக்கியம். அது தொழிற்சங்கமும் மாநில மனிதவளத் துறையும் பேசி முடிப்பது. அதற்குச் சட்டமன்றம் ஒப்புதல் தர வேண்டும்.

கணக்குக்காக 500 பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 12,000 டாலர் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 60 லட்சம் டாலர். ஓய்வூதியம் முதலான பங்களிப்புகளுக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 80 லட்சம். கீழே உள்ளவர் சம்பளம் மேற்பார்வையாளர் சம்பளத்தை நெருங்கும்போது அவருக்கும் உயர்த்த வேண்டி வரும். இந்தத் தொடர்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதே ஊதியப் பிரிவில் வேறு துறைகளில் இருப்பவர்களும் எங்களுக்கு எங்கே என்று கேட்பார்கள். எதிர்ப்பவர்கள் சொல்லும் இந்தக் காரணம் வெறும் சாக்கு இல்லை. உயர்வு என்பது ஒருமுறைச் செலவும் இல்லை, ஆண்டுதோறும் நிற்கும்.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தொழிலாளர் சட்ட அமலாக்கத்துக்குக் கலிஃபோர்னியாவில் தனி நிதி உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை ஒட்டி எல்லா முதலாளிகளிடமும் வசூலிக்கும் கட்டணத்தில் ஓடுவது அது. பள்ளிக்கூடமும் மருத்துவமும் நம்பியிருக்கும் பொது நிதியில் அது பெரிதாகக் கை வைப்பதில்லை. எனவே ‘பள்ளிப் பணத்தை எடுத்து அதிகாரிக்குக் கொடுக்கிறார்கள்’ என்ற பேச்சு இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. கட்டணம் கூடினால் சுமை ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் கடைக்காரர் மேலும் விழும். அது நியாயமான ஆதங்கம். ஆனால் ஓவர்டைம் கொடுக்காத பக்கத்துக் கடைக்காரர் இட்லியை ஒரு டாலர் குறைத்து விற்கும்போது நட்டப்படுகிறவரும் இவர்தானே.

பட்ஜெட் முறையில் இன்னொரு கோணல் இருக்கிறது. செலவு பிடிக்கும் மசோதாக்களைச் சட்டமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டுக் குழு தனிக் கோப்பில் போட்டுவைக்கும். மாநில மேலவையில் பொது நிதிக்கு 50,000 டாலர், தனி நிதிகளுக்கு 1,50,000 டாலர் என்ற அளவை எட்டினாலே அந்தக் கோப்புக்குப் போய்விடும். பிறகு ஒரே நாளில் கடகடவென்று வாசித்து, பெரும்பகுதியை விடுவித்து மீதியை அமுக்கிவிடுவார்கள். அங்கே எண்ணிப் பார்ப்பது அரசுக்கு ஆகும் செலவை மட்டுமே. ஐந்து ஆண்டாகச் சிக்கிக் கிடக்கும் அந்த 6.4 கோடி டாலர் கஜானாவுக்கு வர வேண்டிய பணம் இல்லை என்பதால் எந்த ஏட்டிலும் வராது. நம் கணக்கின் 80 லட்சத்தோடு ஒப்பிட்டால் அது எட்டு ஆண்டு உயர்வுக்குச் சமம். இரண்டும் ஒரே பை இல்லை, உண்மைதான். ஆனால் கொடுக்காத சம்பளத்துக்கு வருமான வரியும் கட்டப்படவில்லை என்பதையாவது குழுவினர் கவனிக்கலாம்.

சம்பளம் உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தீர்ப்பு கிடைப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. 2018 ஜனவரிக்கும் 2023 நவம்பருக்கும் இடையே, முதலாளி கட்டாததால் வசூல் பிரிவிடம் போன தீர்ப்புகள் சுமார் 5,000. முழுத் தொகையும் வசூலானது அதில் 12% மட்டும். கடையை மூடி, மைத்துனர் பெயரில் அடுத்த தெருவில் திறக்கிறவர்களை எத்தனை டாலர் சம்பளம் வாங்கும் அதிகாரியும் லேசில் பிடித்துவிட முடியாது.

இதற்கிடையில் பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை சில. முதலாவது, கெடு. வாய்மொழியாகப் பேசிய சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஓவர்டைமுக்கும் மூன்று ஆண்டு, எழுத்து ஒப்பந்தத்துக்கு நான்கு ஆண்டு. மனு போட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் அந்த ஒரு மாதப் பாக்கி கணக்கின் மறுமுனையில் உதிர்ந்துவிடும். விசாரணைக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் மனுவை இன்றே போட்டுவிடுவது இதனால்தான்.

அடுத்தது ஆதாரம். வேலைக்கு வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை கிடைத்ததா என்பதைத் தினமும் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு உங்கள் உரிமை. சம்பளப் பதிவேட்டைக் கேட்டால் 21 நாளுக்குள் காட்ட வேண்டும். வேலையை விட்டு நீக்கினால் அன்றே முழுக் கணக்கும் தீர்க்க வேண்டும். நீங்களாக முன்னறிவிப்பின்றி விலகினால் 72 மணி நேரத்துக்குள். வேண்டுமென்றே இழுத்தடித்தால் 30 நாள் கூலி வரை தண்டம் சேரும். ‘இதில் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கியைத் தருவேன்’ என்று நீட்டும் விடுவிப்புக் கடிதம், மறுக்கப்படாத சம்பளத்தைப் பொறுத்தவரை செல்லாது.

பலரும் புகாருக்குப் பயப்படுவது விசாவை நினைத்து. சம்பளப் புகாரில் குடியேற்ற நிலை பொருட்டே இல்லை என்று மாநிலச் சட்டம் சொல்கிறது; ஆவணம் இல்லாதவரும் கேட்கலாம். புகார் கொடுத்த 90 நாளுக்குள் முதலாளி நடவடிக்கை எடுத்தால், 2024 முதல் அதைப் பழிவாங்கல் என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. எச்-1பி விசாவில் இருப்பவரைப் ‘பெஞ்ச்’சில் உட்கார வைத்து, புராஜெக்ட் இல்லை என்று சம்பளத்தை நிறுத்துவது கூட்டாட்சிச் சட்டப்படி தவறு. அதற்குக் கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் 12 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

விசாரணைக்கு முன் சமரசக் கூட்டம் நடக்கும். 854 நாளை நினைத்துத்தான் முதலாளிகள் அங்கே பாதிப் பணத்துக்குப் பேரம் பேசுவார்கள். ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது; வாடகை பாக்கி இருக்கிறவரைப் பார்த்து உறுதியாக நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏற்பதற்கு முன் முழுப் பாக்கி, வட்டி, தண்டம் எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். விசாரணையில் சத்தியப் பிரமாணம் உண்டு, ஒலிப்பதிவு உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பே கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். தோற்ற முதலாளி மேல்முறையீடு போவதானால் தீர்ப்புத் தொகைக்கு ஈடாகப் பிணைத்தொகை கட்ட வேண்டும்.

தீர்ப்பு வந்தும் கட்டாதவர்களுக்கு 2026 ஜனவரி முதல் கிடுக்கிப்பிடி இறுகியிருக்கிறது: 180 நாள் தாண்டினால் நிலுவைத் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம். உள்ளாட்சிகளிடமும் வழி இருக்கிறது. சான்ட்டா கிளாரா கவுன்ட்டியில் தீர்ப்புத் தொகையைக் கட்டாத ஓட்டலின் உணவு அனுமதியையே நிறுத்தி வைக்கிறார்கள். அனுமதிச் சீட்டு போனால் கடை திறக்க முடியாது; அஞ்சு வருஷமாகக் காசே இல்லை என்றவரிடம் திடீரென்று காசு வந்துவிடுகிறது.

அதிகாரிகள் சம்பளம் பற்றியும் உங்கள் குரலுக்கு இடமுண்டு. ஆளுநர் ஜனவரி 10க்குள் பட்ஜெட் முன்மொழிவை வைக்கிறார், மே நடுவில் அதைத் திருத்துகிறார், ஜூன் 15க்குள் சட்டமன்றம் நிறைவேற்றியாக வேண்டும். இடையில் இரு அவைகளின் பட்ஜெட் துணைக்குழுக்களும் கூடும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். கிடைப்பது கொஞ்ச நேரம்தான், பெரிய பேச்செல்லாம் எடுபடாது. மனு போட்ட தேதி, எந்த ஊர் அலுவலகம், விசாரணைத் தேதி வந்ததா இல்லையா, இடையில் எத்தனை அதிகாரிகள் மாறினார்கள் என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.