எட்டாம் வேற்றுமையும் ஒரு காற்புள்ளியும்

மாணவ நண்பர்களே, நம் அருணாசலேசுவரர் திருக்கோயிலுக்கு அடுத்த முறை செல்லும்போது, கல்வெட்டுகளின் முன் சற்று நின்று நோக்குங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, காற்புள்ளி இராது, மெய்யெழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. ஓலைச்சுவடிகளின் நிலையும் இதுவே. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் இத்தகைய ஏடுகளோடுதான் போராடினார். இன்று நாம் தமிழில் இடும் நிறுத்தக் குறிகள் மேனாட்டு அச்சு நூல்களின் வழியே வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அவற்றைத் தம் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டார்.

அக்குறிகள் இன்றித் தமிழ் அத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்தது எவ்வாறு? இதற்கு விடை கண்டால், ஆங்கிலத்தில் நீங்கள் இடறும் இடமும் புலப்பட்டுவிடும். எனக்கு அதைக் காட்டியவன் ஒரு மாணவன்.

அவன் பத்தாம் வகுப்பில் படித்தான். தமிழில் வேற்றுமை எட்டையும் உருபுகளோடு தடையின்றிச் சொல்வான். ஆங்கிலத்திலோ அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. மாடவீதியில் பூக்கடை வைத்திருந்த தந்தையார் பள்ளிக்கு வந்து, "இனி இவன் கடையில் உட்காரட்டும், ஐயா" என்று சொல்லிப் போனார். அன்று மாலை அவனை இருத்திக் கரும்பலகையில் இரு தொடர்களை எழுதினேன். "வீ ஆர் காலிங் மாதவன்" என்பது ஒன்று. "வீ ஆர் காலிங், மாதவன்" என்பது மற்றொன்று. முன்னதில் மாதவனை அழைக்கிறோம். பின்னதில் அழைப்பது வேறு யாரையோ. அச்செய்தியை மாதவனிடம் சொல்கிறோம். பேசும்போது குரல் சற்று நின்று இதை உணர்த்தும்; எழுத்தில் அந்தச் சிறு கோடே உணர்த்த வேண்டும்.

பையன் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "நாம் மாதவனை என்போம், மாதவா என்போம். எட்டாம் வேற்றுமையின் வேலையை இங்கே காற்புள்ளி செய்கிறது, ஐயா" என்றான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எவரும் எனக்குச் சொல்லாத செய்தி அது. விதிகளை நூறு முறை எழுதச் சொல்லியே பல ஆண்டுகளை வீணாக்கியிருந்தேன்.

அன்றுமுதல் தமிழை வைத்தே ஆங்கிலத்தை விளக்கலானேன். 'இராமன் புலியைக் கொன்றான்' என்பதைப் 'புலியை இராமன் கொன்றான்' என மாற்றினாலும் இறந்தது புலியே. 'ஐ' உருபு காவல் நிற்கிறது. "ராமன் கில்ட் தி டைகர்" என்பதில் பெயர்களை இடம் மாற்றினாலோ, இராமன் மாண்டு போவான்! ஆங்கிலத்தில் இடமே உருபு. 'வந்தேன்' என்றால் வந்தவர் யார் என்பது விகுதியிலேயே அடங்கிவிடும். 'கேம்' என்ற சொல் அதைச் சொல்லாது. ஆதலின் அங்கே எழுவாயை விட்டுவிடல் ஆகாது.

முற்றுப்புள்ளியிலும் இதே கதைதான். 'எழுந்து, குளித்து, உண்டு, பள்ளிக்கு வந்தான்' என்று எச்சங்களை எத்துணை அடுக்கினாலும், வினைமுற்று வந்தவுடன் தொடர் முடிந்தது என அறிகிறோம். நம் மாணவர் அந்தப் பழக்கத்தால் ஆங்கிலத்திலும் முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போவர். அங்கே வினை நடுவில் நிற்கும். முடிவைப் புள்ளிதான் காட்ட வேண்டும். இப்பிழையைத் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்தது.

'ஏ', 'ஆன்' என்பவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உயிரெழுத்தின் முன் 'ஓர்', மெய்யின் முன் 'ஒரு' என்பது நாம் அறிந்த வழக்கே. 'ஆன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்னும் எண்ணைக் குறித்த சொல்லே. ஆயினும் ஒலியையே நோக்குக, எழுத்தை நோக்கற்க. ஆகவே 'ஆன் ஹவர்', 'ஏ யூனிவர்சிட்டி'.

அந்த மாணவன் பொதுத்தேர்வில் நாற்பத்தொன்று பெற்று, மேல்நிலை வகுப்பில் சேர்ந்தான். தந்தையார் ஒரு முழம் மல்லிகையோடு வந்து சொல்லிப் போனார். 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பது மட்டும் அவனுக்கு இறுதிவரை பிடிபடவில்லை. தமிழில் அதற்கு நிகரான ஒன்றைக் காட்ட என்னாலும் இயலவில்லை.